ஊருக்கு வயது சொல்லப் போனவள்

ஊர்களுக்கு வயது கூட்டிக் கொடுப்பது என் தொழில். மனிதர்களுக்கு வயதைக் குறைத்துச் சொன்னால் பிடிக்கும். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் கூட்டிச் சொன்னால்தான் பிடிக்கும். கும்பாபிஷேக மலர், பொன்விழா மலர், அரிசி ஆலை அதிபரின் வாழ்க்கை வரலாறு என்று இருபது வருடத்துக்கு மேலாக பெரம்பூரில் இரண்டாம் மாடியில் உட்கார்ந்தபடி எழுதிவருகிறேன். பெயர் போட மாட்டார்கள். போடுவதாகச் சொன்னாலும் நான் சம்மதிக்க மாட்டேன். மலைக்கோயில் என்றால் பசு பால் சொரியும். கடலோரக் கோயில் என்றால் பெட்டி மிதந்து வரும். இந்த இரண்டையும் மாற்றிப் போடாமல் இருந்தால் போதும், இந்தத் தொழிலில் வேறு கவனம் தேவையில்லை.

பழவேற்காட்டில் ஏரிக்கரையோரம் ஒரு ரிசார்ட் வருகிறது. வரப்போகும் விருந்தினர்களின் அறையில் வைக்க ஊரின் வரலாறு நாலு பக்கம் வேண்டும் என்று அதன் முதலாளி தொலைபேசியில் கேட்டார்.

"டச்சுக்காரங்க கண்டிப்பா வரணும் மேடம். அரபுக்காரங்க கொஞ்சம் வரலாம். ஆனா சோகம் வேண்டாம். கெஸ்ட் எல்லாம் ரிலாக்ஸ் பண்ண வர்றாங்க."

"டச்சுக்காரங்க இங்கேருந்து அடிமைகளைக் கப்பலேத்தினாங்களே, அது?"

"அது எதுக்கு மேடம்? 'வணிகம்'னு போட்டுடுங்க. அதுல எல்லாம் அடங்கிடும்."

என் தொழிலை என்னைவிட நன்றாகத் தெரிந்த மனிதர். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். இருபது வருடத்தில் யாரும் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை.

பொன்னேரியிலிருந்து பேருந்து. எனக்குக் கிடைத்த இடம் இரண்டு மீன் கூடைகளுக்கு நடுவில். கூடைகள் காலிதான். ஆனால் காலிக் கூடைக்கும் நினைவாற்றல் உண்டு என்பதை என் புடவை மீஞ்சூர் சாலை பிரிவதற்குள் தெரிந்துகொண்டது. கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்ததால் நடத்துநர் அதைக் கயிறு போட்டுக் கம்பியில் கட்டியிருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முடிச்சை அவிழ்த்து, ஆட்களை இறக்கி, மறுபடி கட்டினார். அவர் மீனவக் குடும்பமாக இருக்க வேண்டும், அவ்வளவு அழகான முடிச்சு.

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். என் அரைகுறைத் தெலுங்குக்கு எட்டிய வரையில், தமிழில் சொன்னால் இப்படி:

"இந்தம்மா கையில நோட்டு, பேனா. சர்வே எடுக்க வந்திருக்கா போல."

"சர்வே எடுக்க ஆள் வந்தா, ஏதோ ஒண்ணு போகப் போகுதுன்னு அர்த்தம். போன தடவை வந்தப்ப ஏரிக்கரை வழி போச்சு."

நான் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் கோட்டையிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். கடைத்தெருவில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த பாயிடம், "டச்சுக் கோட்டை எங்கே இருக்கு?" என்று கேட்டேன். அவர் டம்ளரை நீட்டியபடி கையால் காட்டினார். அரை மணி நேரம் நடந்தேன். முள்ளும் புதரும் மூடிய ஒரு மேட்டில் ஏறி நின்று, ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் மறுபடி கேட்டேன்.

"அது மேலதாம்மா நீ நின்னுகினு இருக்க" என்றார்.

நூறாண்டுகளுக்கு மேல் ஒரு கடற்கரையையே மிரட்டிய கோட்டை இப்போது ஆடுகளுக்கு நல்ல தழை தருகிறது. ரிசார்ட் நூலில் இதை 'இயற்கையோடு இயைந்த கோட்டை' என்று போடலாம் என்று குறித்துக்கொண்டேன். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. உள்ளே பூவேலைப்பாடும் நீளமான எழுத்துகளுமாகப் பெரிய பெரிய கல்லறைகள். வியாபாரிகளும் அவர்கள் மனைவிகளும் பெயரோடு படுத்திருக்கிறார்கள். அவர்கள் கப்பலேற்றி அனுப்பியவர்களுக்கு இங்கே ஒரு கல்கூட இல்லை. வணிகத்தில் அடங்கிவிட்டார்கள்.

ஊர்ப் பெயருக்குப் பொருள் கேட்டேன். வேலமரக் காடு பழசாகிப் பழவேற்காடு ஆனது என்று பாய் சொன்னார். அதெல்லாம் இல்லை, பழமும் வேரும் தின்று உயிர் வாழ்ந்தவர்களின் காடு என்று வடை தின்றுகொண்டிருந்த ஒருவர் மறுத்தார். இருவரும் என்னை மறந்து அதைப் பற்றியே சண்டையிட்டுக்கொண்டிருந்ததால் தேநீருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

ரிசார்ட்டில் எனக்கு அறை தயாராக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அறை இருந்தது. அதில் எனக்கு முன்பே சிமெண்ட் மூட்டைகள் குடியேறியிருந்தன. கொத்தனார்களுக்கு மதியச் சோறு கொண்டுவந்திருந்த ஒரு பெண் பாத்திரங்களைக் கழுவியபடி என்னையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். மூக்குத்தியில் வெயில் பட்டுத் தெறித்தது.

"இதுல எங்க படுப்ப யக்கா? எங்க வூட்டுக்கு வா. அந்தாண்ட கரதான், படவுல போய்டலாம்."

அவள் பெயர் கன்னியம்மா. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் திட்டில், சின்னமேட்டுக்குப்பம் அவள் ஊர். கால் மணி நேரப் படகுப் பயணம் என்றாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாதி வழியில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஏரியின் நட்டநடுவில் எல்லோரும் சாவகாசமாக இறங்கினார்கள். தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை.

"முகத்துவாரம் மூடிப்போச்சு" என்றாள் கன்னியம்மா, படகைத் தள்ளிக்கொண்டே. "கடல் தண்ணி உள்ள வந்தாத்தான் ஏரி ஏரியா இருக்கும். இறாலும் வரும். இப்ப பாரு, மாடு குளிப்பாட்டற குட்ட மாதிரி கெடக்குது. யக்கா, நீயும் எறங்கினா படவு நவரும்."

சென்னையில் மழைக்காலத்தில் காரைத் தள்ளியிருக்கிறேன். கோடையில் படகைத் தள்ளியது இதுவே முதல் முறை.

அன்று சாப்பாடு மடவை மீன் குழம்பும் கிழங்கான் வறுவலும். பெரம்பூர் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதையும் மீன் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னியம்மாவின் கணவர் துலுக்காணம் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்து, வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் போய் உட்கார்ந்தார். வெள்ளையாக உலர்ந்த படகு. பல நாளாகத் தண்ணீர் பார்க்காதது தெரிந்தது.

"அவுரு வலைய பெரியமேட்டுக்குப்பத்துக்காரங்க புடிச்சிகினு போய்ட்டாங்கோ" என்று கன்னியம்மா சொன்னாள். "கோயில்ல பூட்டி வெச்சிக்கிறாங்கோ. அவங்க பாட்டுல வலை கட்டிட்டாராம்."

பாடு என்பது ஏரியில் வலை கட்டும் முறை. இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்ன ஊர் என்று ஏரியைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஊருக்குள் சீட்டுப் போட்டு எந்தக் குடும்பம் எந்த இடத்துக்கு என்று முடிவாகும். எழுதிவைத்த சட்டம் கிடையாது; ஆனாலும் யாரும் மீறுவதில்லை. சென்னையில் இதற்கு நேரெதிர் முறையைக் கடைப்பிடிக்கிறோம். பெரியமேட்டுக்குப்பத்துக்குப் பாடு உண்டு. சின்னமேட்டுக்குப்பத்துக்கு இல்லை. காரணம், இவர்கள் 'நேற்று வந்தவர்கள்'.

"எப்போ வந்தீங்க?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை, கடலிலிருந்து வந்த இறாலை உரித்துக்கொண்டே அதைச் சொன்னாள். வடக்கே இருந்த தீவில் ராக்கெட் விடுவதற்காக ஊர்களைக் காலி செய்தார்கள். அப்போது துலுக்காணம் தாயின் இடுப்பில் இருந்த குழந்தை. ஏழு குடும்பங்கள் வலை, கோழி, கூரைக்கட்டு, அம்மிக்கல் எல்லாவற்றையும் படகில் ஏற்றி இந்த மணல் திட்டில் இறங்கின.

"மொதல்ல வூடு கட்டல யக்கா. பள்ளம்தான் தோண்டினாங்கோ. நாலு எடத்துல தோண்டுனாங்க, நாலும் உப்பு. எங்க மாமியாரு சொல்லும், அஞ்சாவது பள்ளத்துலயும் உப்பு வந்துருந்தா திரும்பிப் போயிருப்போம்னு. அதுல நல்ல தண்ணி வந்துச்சு. சரி, மழ முடியற வரைக்கும் இங்க இருப்போம்னு கீத்து போட்டாங்கோ."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? இன்னும் மழ முடியல போல." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "யக்கா, நீ ஊரப் பத்தி எழுதி புஸ்தகமா போடற ஆளுன்னு மேஸ்திரி சொன்னாரு. நாளைக்கி பெரியமேட்டுல பஞ்சாயத்து. எங்க ஊரும் வெள்ளக்காரன் வந்த காலத்துலேர்ந்து இங்கதான் இருக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடேன். நானூறு வருசம்னு போடு. அச்சு மாதிரி எழுது. வல திரும்பி வந்துடும்."

இந்த இடத்தில் வாசகர்கள் என்னைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போன மாதம்தான் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நூற்றாண்டுப் பாரம்பரியம் எழுதிக் கொடுத்தேன். அதில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அப்படிப்பட்டவளுக்கு, இந்த இறால் வாசனை அடிக்கும் சமையலறையில், எங்கிருந்தோ மனசாட்சி வந்துவிட்டது.

"நடக்காததை எழுத முடியாது, கன்னியம்மா" என்றேன். "வரலாறுன்னா அதுக்கு ஆதாரம் வேணும். நாளைக்கு யாராவது கேட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்."

எவ்வளவு கண்ணியமான பதில்! சொல்லி முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கன்னியம்மா உரித்த இறாலை அலசினாள். அந்தத் தண்ணீரை வாசலில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக வீசினாள்.

மூன்றாம் நாள் பஞ்சாயத்து, பெரியமேட்டுக்குப்பத்து அம்மன் கோயில் முன்னால், தகரப் பந்தலின் கீழ். ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் கூட்டத்தில் உட்காரக் கூடாது. பந்தலுக்கு வெளியே நிற்கலாம், அங்கிருந்து கத்தவும் செய்யலாம். ஆனால் கத்துவது பேசியதாகச் சேராது. எனக்கு மட்டும் பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். சென்னையிலிருந்து வருகிறவள் பெண் அல்ல, விருந்தாளி. கோயில் கம்பிக் கதவுக்குப் பின்னால், அம்மனின் காலடியில், துலுக்காணத்தின் சுத்து வலை குவியலாகக் கிடந்தது. அவர் அதைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

ஊர்த் தலைவர் தேசப்பன் அறுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு, கண்ணில் குறும்பு. சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"பாடுன்றது பரம்பர சொத்து. இங்க எங்க முப்பாட்டன் காலத்துலேர்ந்து இருக்கறோம். அவங்க அப்பால வந்தவங்கோ. இதுல பேசறதுக்கு இன்னா இருக்குது? ஆதாரமே கீது." உள்ளே போய் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "'ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், அலைகள் தாலாட்ட, மரப்பெட்டியில் மிதந்து வந்த அன்னை, இன்று பெரியமேட்டு மக்களின் மனப்பெட்டியில் வீற்றிருக்கிறாள்.'"

கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. மரப்பெட்டி, மனப்பெட்டி. இவ்வளவு மட்டமான ஒரு வாக்கியத்தை உலகில் ஒருத்தியால்தான் எழுத முடியும். அவள் அந்தப் பந்தலிலேயே, ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

பல வருடங்களுக்கு முன், ஏதோ குப்பத்துக் கோயிலின் கும்பாபிஷேக மலர் என்று அச்சகத்துக்காரர் கொடுத்த வேலை. தொலைபேசியில் யாரோ கொஞ்சம் தகவல் சொன்னார். மீதியை நான் சொன்னேன். ஊரின் பெயரைக்கூட மறந்துவிட்டிருந்தேன். இப்போது அந்தப் பெட்டியைக் காட்டித்தான் துலுக்காணத்தின் வலையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் கன்னியம்மாவிடம் ஆதாரத்தைப் பற்றி நான் ஆற்றிய சொற்பொழிவு நினைவுக்கு வந்தது. எழுந்து போய்விடலாம் என்றும் தோன்றியது. ஆனால் படகு இல்லாமல் எங்கே போவது? எழுந்து நின்றேன்.

"ஐயா, ஒரு நிமிஷம். அந்தப் புத்தகத்தை எழுதினது நான்தான். அதுல இருக்கற ஐந்நூறு வருஷமும் பொய், பெட்டியும் பொய். எல்லாம் நானா எழுதினது. அதை வெச்சு ஒருத்தர் வலையைப் புடிச்சு வெக்கறது நியாயம் இல்ல."

பந்தலே அதிரும் என்று எதிர்பார்த்தேன். யாராவது அடிக்க வரலாம் என்று கொஞ்சம் பயமும் இருந்தது. தேசப்பன் கண்ணாடியைக் கழற்றி என்னை உற்றுப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"பெரம்பூர் அம்மாவா நீ? அட, போன்ல பேசுனது நாந்தாம்மா! நீ மொதல்ல நானூறுன்னு போட்டு அனுப்பிச்ச. பக்கத்து ஊரு கோயிலுக்கு நானூத்தி அம்பதுன்னு போட்டுக்கினாங்கோ. அதான் நமக்கு ஐநூறாக்குன்னு சொன்னேன். நீயும் ஒரு வார்த்த கேக்காம ஆக்கிக் குடுத்துட்ட. தங்கமான மனுஷி. டேய், அம்மாவுக்கு டீ சொல்லுங்கடா."

வாழ்க்கையில் முதன்முதலாக உண்மையைச் சொல்லி, அதற்கு டீ வாங்கிக் குடித்தேன். யாரும் திடுக்கிடவில்லை. கூட்டம் முழுவதற்கும் அது பொய் என்று முன்பே தெரிந்திருந்தது. அவர்களுக்குத் தெரியும் என்பது தெரியாதவள் நான் ஒருத்திதான் போலும்.

ஆனால் பந்தலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவங்களுக்கு ஐநூறு எழுதின கையி! நேத்து நான் கேட்டப்போ நடக்காதத எழுத மாட்டேன்னுச்சே, இந்தக்கா! எங்களுக்கு மட்டும் ஆதாரம் வேணுமாம்!"

கன்னியம்மா. கணக்கில் சேராத பேச்சுதான், ஆனாலும் எல்லோரும் கேட்டார்கள். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

தேசப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வயசு பொய்யின்னே வெச்சிக்குவோம். எங்க பாட்டனும் ஒரு புயலுக்கு அப்பால அந்தாண்ட கரையிலேர்ந்து வந்தவருதான். ஆனா பாடு பொய்யில்ல. இருக்கற தண்ணியில எங்களுக்கே பத்தல. உங்களுக்கும் பிரிச்சிக் குடுத்தா, எங்க பொண்டாட்டி புள்ள மணலத் துன்றதா?"

அது பொய்யில்லை. அவர் முகத்தில் இப்போது குறும்பு இல்லை. கூட்டத்தில் பலரும் தலையாட்டினார்கள். துலுக்காணம் மெல்ல எழுந்தார். இரண்டு நாளில் அவர் குரலை அப்போதுதான் கேட்டேன்.

"பாடு வாணாம், தலைவரே. வலைய மட்டும் குடுத்துடுங்க. வித்துட்டு, காட்டுப்பள்ளி பக்கம் கன்டெய்னர் யார்டுல வாச்மேன் வேல சொல்லிக்கிறாங்க, போய்டறேன்."

"இன்னாது, வாச்மேனா?" கன்னியம்மா பந்தலின் கம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். எந்த நொடியில் உள்ளே வந்தாள் என்று யாராலும் சொல்ல முடியாதபடி ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. "இரும்புப் பொட்டிய காவல் காக்கறதுக்கா இத்தினி நாளு வல இஸ்த? நீ கம்னு குந்து. தலைவரே, நான் ஒண்ணு கேக்கறேன். முகத்துவாரம் வெட்டணும்னு ரெண்டு மாசமா சொல்லிகினு இருக்கீங்க. மிஷின் கொண்டாந்தீங்க, அது மணல்ல பொதஞ்சி இன்னும் அங்கியே கெடக்குது. உங்க ஊரு பசங்க பாதிப் பேரு மீஞ்சூருக்கும் கம்பெனிக்கும் போய்ட்டானுங்கோ. யாரு வெட்டப் போறது? பொட்டியில மெதந்து வந்த ஆத்தாளா?"

பெரியமேட்டுக்காரர் ஒருவரே முதலில் சிரித்தார். அது பரவியது. தேசப்பன் கோயில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் அவரும் சிரித்தார்.

"வெட்டறதுக்கு ஆளு வேணும்னா ஊருக்கு எத்தினி வயசுன்னு கேக்க மாட்டீங்க இல்ல? எங்க ஊர்ல ஒரு ஆம்பள வுடாம நாளைக்கே வருவான். பொம்பளைங்களும் வருவோம். தண்ணி உள்ள வந்தா ஏரி பெருசாவும். பெருசான ஏரியில எங்களுக்கு எடம் குடுங்க."

அதற்கப்புறம் நடந்ததில் வரலாற்றுக்கு வேலையே இருக்கவில்லை. மாதத்தில் இரண்டு நாள் என்றார் தேசப்பன். நாலு என்றாள் கன்னியம்மா. பெண் பேசியதாகக் கணக்கில் வைக்கக் கூடாது என்பதால், அவள் சொன்னதைத் துலுக்காணம் ஒருமுறை திருப்பிச் சொன்னார். மூன்று என்று முடிந்தது; முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் வலை கட்டிக்கொள்ளலாம். வலை அப்போதே கைக்கு வந்தது. துலுக்காணம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, கரை வரைக்கும் கிழிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்தபடி நடந்தார்.

திரும்பி வரும்போது படகில் கன்னியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவத்துல கத்திட்டேன் யக்கா. மனசுல வெச்சிக்காத."

"நீங்க கத்தினதுதான் சரி."

"தெரியும்" என்றாள். "ஆனாலும் சொல்லணும் இல்ல, மரியாதிக்கு."

அன்று சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்து ரிசார்ட்டுக்கான நாலு பக்கத்தை எழுதினேன். 'வணிகம்' என்று போடவில்லை. மனிதர்களைப் பிடித்து விற்றார்கள் என்று எழுதினேன். ஏழு குடும்பங்கள் அம்மிக்கல்லோடு வந்து ஐந்து பள்ளம் தோண்டியதையும் எழுதினேன். ஐம்பது வருடம்கூட முழுசாகச் சொல்ல முடியாத ஊர் என்பதால், வருடமே போடவில்லை. பின்னால் அச்சாகி வந்த நூலில் இவற்றில் ஒரு வரியும் இல்லை. அந்த இடத்தில் பூநாரைகளின் படம் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பறவைகள் நன்றாகவே வந்திருந்தன. அவற்றால் யாருக்கும் சோகம் இல்லை.

நாலாம் நாள் நான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் படகுகள் எல்லாம் முகத்துவாரத்துக்குப் போய்விட்டன. எனக்கும் மணலோடு நடந்து அங்கே போவதைத் தவிர வழியில்லை.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் மேடு. அதன் ஒரு ஓரத்தில் புதைந்த இயந்திரம் கையைத் தூக்கியபடி நின்றது, வகுப்பில் பதில் தெரிந்த பையன் மாதிரி. இரண்டு குப்பத்து ஆட்களும் வரிசையாக நின்று மண்வெட்டியால் வெட்டினார்கள். பெண்கள் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். விருந்தாளிப் பதவி முந்தின நாளே போய்விட்டதால் எனக்கும் ஒரு கூடை கிடைத்தது. பத்து நடை நடந்ததும் பாதிக் கூடைதான் தூக்கினேன். இருபதாவது நடையில் என்னைப் பார்த்த தேசப்பன், "பெரம்பூரம்மா, நீ எழுதறதோட நிறுத்திக்கோ, மண்ண எங்க எடுத்தியோ அங்கியே கொட்டிகினு இருக்க" என்றார்.

பதினோரு மணி வெயில். ஏரிப்பக்கம் வெட்டிக்கொண்டு வந்த சின்னமேட்டுக்காரர்களுக்கும் கடல்பக்கம் வெட்டிக்கொண்டு வந்த பெரியமேட்டுக்காரர்களுக்கும் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மணல்தான் மிச்சம். கன்னியம்மா ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணாந்து சொம்பைக் கவிழ்த்தேன். மோர் கலந்த கூழ். சின்ன வெங்காயம் பல்லில் நறுக்கென்று கடிபட்டது. அதைப் போல ஒன்றை நான் குடித்ததேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

அப்போது ஓவென்று ஒரு சத்தம்.

சொம்பை இறக்கிப் பார்த்தபோது கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு சேலை அகலம். பிறகு கரை சரிந்து சரிந்து தண்ணீர் பச்சையாக, நுரையோடு ஏரிக்குள் பாய்ந்தது. ஆட்கள் இரண்டு பக்கமும் சிதறி ஓடினார்கள். யாரோ ஒருவரின் மண்வெட்டி அடித்துக்கொண்டு போயிற்று. துலுக்காணம் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் அதை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். பெண்கள் குலவையிட்டார்கள். கன்னியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கியதில் கருவாடு மணலில் விழுந்தது.

மகிழ்ச்சி ஐந்து நிமிடம் நீடித்திருக்கும்.

"கடைசி வெட்டு எங்க ஆளு வெட்டுனது" என்றார் தேசப்பன். "எங்க பக்கத்துலேர்ந்துதான் தண்ணி தொறந்துச்சு."

"இன்னா தலைவரே, பொய் சொல்றீங்கோ? எங்க வூட்டுக்காரரு வெட்டுனதுலதான் மணலு சரிஞ்சுது" என்றாள் கன்னியம்மா.

"பெரியமேட்டு மம்முட்டிதாம்மா அது."

"மம்முட்டி உங்களுது. கையி எங்களுது!"

இரண்டு கரையிலும் ஆட்கள் சேர்ந்தார்கள். குரல்கள் உயர்ந்தன. நடுவே கடல் யாரையும் கேட்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் தேசப்பனும் கன்னியம்மாவும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"யக்கா, நீதான் பக்கத்துலயே நின்ன. சொல்லு, யாரு மொதல்ல தொறந்தது?"

"ஆமாம்மா, நீ சொல்றதுதான். நீ எழுதிக் குடு, ஒத்துக்கறோம்."

இரண்டு ஊரும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தன. ஒரு காலத்தின் தொடக்கத்தை நேரில் நின்று பார்க்கும் வாய்ப்பு இந்தத் தொழிலில் யாருக்கும் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது. காலிச் சொம்பைக் கையில் பிடித்தபடி, வாயோரத்துக் கூழைத் துடைத்துக்கொண்டு, உள்ளதைச் சொன்னேன்.

"நான் பார்க்கலையே."